யாருக்காக ஊர் மாறினீர்கள்?

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பான். கெட்டிலில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போடுவான். தண்ணீர் கொதிப்பதற்குள் பல் தேய்த்து முடிப்பான். பிரஷைப் பேனா பிடிப்பது போல விரல் நுனியில் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக, ஈறு ஓரமாகத் தேய்ப்பான். பற்பசை கட்டைவிரல் அளவு ட்யூபில் இருக்கும். கம்பெனி ஆட்கள் கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் ட்யூப். அப்படி ஒரு செருப்புப் பெட்டி நிறைய வாஷ்பேசினுக்குக் கீழே இருந்தது. இப்போது பெட்டியின் அடி தெரிய ஆரம்பித்திருக்கிறது.

பிறகு முட்டை வேகவைப்பான். ரொட்டியோடு நின்றுகொண்டே தின்பான். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பான். இஸ்திரி போட்ட சட்டை இருந்தால் அது, இல்லாவிட்டால் கைக்கு வந்தது. கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குவான்.

ட்யூப்களைக் கொண்டுவந்து சேர்த்தவள் அவன் மனைவி. பல் மருத்துவர். கோடை முடிகிற சமயத்தில் ஒருநாள் காலை, கிளினிக்குக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவள் சரிந்து விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. மறுநாள் எல்லாம் முடிந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் காலை அவன் படியிறங்கும்போது போனில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று பேராசிரியரிடமிருந்து. பிஎச்.டிக்கு எங்கெங்கே விண்ணப்பிக்கப் போகிறாய் என்று இன்று மாலைக்குள் முடிவாகச் சொல், நாளை நான் வெளியூர் கிளம்புகிறேன், அதற்குப் பிறகு பரிந்துரைக் கடிதம் எழுத எனக்கு நேரம் இருக்காது. இன்னொன்று மாமியாரிடமிருந்து. 'பெரிய ஊருக்கே போடுங்க மாப்பிள்ளை. அவளோட கடைசி ஆசை.'

பெரிய ஊர் என்பது பொருளாதாரத்துக்கு உலகத்தில் முதலாவதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம். கடைசி ஆசை என்பது மாமியார் துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னது. ஆஸ்பத்திரியில் மகள் கடைசியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க பெரிய படிப்பு படிக்கணும், எனக்காக நிறுத்தக் கூடாது' என்றாளாம். மாமியார் அதை முதன்முதலாகச் சொன்னபோது அவன் அதே அறையில்தான் இருந்தான். மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு எதையும் மறுக்கத் தோன்றவில்லை. பேச்சு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, இப்போது அவனுடைய சொந்த அம்மாவே போனில் அதை அவனுக்கே சொல்கிறாள்.

அவன் வேலை செய்யும் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. அவனுக்குப் பக்கத்து மேசைக்காரனுக்கு அலுவலகத்தில் 'சராசரி' என்று பெயர். எதைக் கேட்டாலும் அப்படித்தான் பதில் சொல்வான். பசிக்குதா என்றால் சராசரியா பசிக்குது என்பான். கல்யாண வாழ்க்கை எப்படி என்றால் சராசரிக்குக் கொஞ்சம் கீழே என்பான், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே.

தன் கம்ப்யூட்டரில் அவன் பிஎச்.டி ஊர்ப் பட்டியல் ஃபைலைத் திறந்தான். போன வருஷம் அவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து போட்டது. வரிசைக்கு ஒரு ஊர். துறை எப்படி, பேராசிரியர்கள் யார் யார், எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவன் நிரப்பியது. கடைசியில் 'பல்' என்று தலைப்புப் போட்ட ஒரு கட்டம். அது அவள் நிரப்பியது. ஒரு நாட்டில் படித்த பல் மருத்துவர் இன்னொரு நாட்டில் ஒருவர் வாயைத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். சில இடத்தில் ஒரு பரீட்சை போதும். சில இடத்தில் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். சில இடத்தில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளோடு முதல் வருஷத்திலிருந்து உட்கார வேண்டும். இதையெல்லாம் விசாரித்து, அந்த ஊர் தனக்குச் சரிப்பட்டு வருமா என்று பத்துக்கு ஒரு மார்க் போட்டிருந்தாள். ஐந்துக்குக் கீழே வாங்கிய ஊர்கள் கண்ணில் படாதபடி அவன் ஒரு ஃபில்டர் போட்டிருந்தான். அவன் பொருளாதாரத்தைப் பார்த்தான், அவள் பல்லைப் பார்த்தாள். இரண்டும் தேறிய ஊர்கள் மட்டும் திரையில் நின்றன.

முதலாவதாக நின்றது பனி ஊர். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற இடம் என்பதால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு அவள் ஒன்பது போட்டிருந்தாள்.

சராசரி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னும் அந்த ஃபில்டரப் போட்டே வச்சிருக்கியா?"

"ம்."

"எடுத்துட்டுப் பாருடா. எக்கனாமிக்ஸ்ல முதல் வருஷமே படிச்சதுதானே. நிபந்தனை ஒண்ணு கழண்டுச்சுன்னா நிலைமை முன்னவிட மோசமாக வழியே இல்ல. ஒண்ணு அப்படியே இருக்கும், இல்லனா..."

தான் சொல்வது சராசரிக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. முகம் செத்துப்போயிற்று.

"டேய். நான் அதச் சொல்லல."

"தெரியும்."

"சத்தியமா அதச் சொல்லல."

"தியரி சரிதான்," என்றான் அவன். "வா, டீ குடிக்கலாம்."

டீ குடித்தார்கள். சராசரி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தான். அவன் வேண்டாம் என்று சொல்லாமல் தின்றான். திரும்பி வந்து, சராசரி போன் பேச வெளியே போன நேரத்தில், ஃபில்டரை எடுத்துப் பார்த்தான். திரை முழுக்க ஊர்கள் நிரம்பின. ஒரு வருஷமாகக் கண்ணில் படாத ஊர்கள். யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல மளமளவென்று வந்து நின்றன. உடனே ஃபில்டரைத் திரும்பப் போட்டான்.

பேராசிரியர் தன் அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சர்வே ஒன்றை நடத்தும் பெண்மணி. அந்த சர்வேயில் வரும் பதில்களைச் சரிபார்ப்பதுதான் அவனுடைய வேலை.

"உக்காரு. ஆரஞ்சு எடுத்துக்கோ."

"வேண்டாம் மேடம்."

"எடுத்துக்கோன்னேன்." ஒரு சுளையைக் காகிதத்தில் வைத்து நகர்த்தினார். "முதல்ல சர்வே. அந்த முரண் கும்பல் கூடிக்கிட்டே போகுதே, என்ன சேதி?"

வேலைக்காக ஊர் மாறிய தம்பதிகளைப் பற்றிய சர்வே அது. கணவனைத் தனியாகவும் மனைவியைத் தனியாகவும் உட்காரவைத்துக் கேட்ட கேள்விகளில் ஒன்று, 'யாருக்காக ஊர் மாறினீர்கள்?' கணவன் 'மனைவிக்காக' என்றும் மனைவி 'கணவனுக்காக' என்றும் சொல்லியிருந்தால், இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அந்தத் தம்பதியை 'முரண்' என்று குறித்து அவன் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுவான்.

"கேள்வி புரியாம சொல்லியிருப்பாங்க மேடம்."

"இத்தனை பேருக்கா புரியாது?" பேராசிரியர் அதை அப்படியே விட்டுவிட்டு, அவன் அனுப்பியிருந்த பட்டியலை எடுத்தார். "இத யாரு போட்டது? நீயா, இல்ல சீட்டுக் குலுக்கிப் போட்டதா? இந்த ஊர்ல நம்ம பக்கத்துக்கு ஆளே இல்ல. இது பரவாயில்ல. எல்லாத்துக்கும் மேல இந்தப் பனி ஊரு எதுக்கு? தொழிலாளர் பொருளாதாரத்துக்கு அங்க ஒரே ஒருத்தர். அவரும் ரிட்டயர் ஆகப் போறார்."

"நல்லா லெக்சர் கொடுப்பார் மேடம். ஒரு தடவ கேட்டிருக்கேன்."

"லெக்சர் கேக்குறதுக்கா குடும்பத்தத் தூக்கிட்டுப் போவாங்க?"

குடும்பம் என்ற சொல் மேசைமேல் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் ஆரஞ்சுத் தோலைப் பார்த்தார்கள்.

"அவ அதுக்கு ஒன்பது போட்டா மேடம்," என்றான்.

பேராசிரியர் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் கல் நெஞ்சக்காரின்னு நெனச்சுக்காத. கடிதத்துல உன்னப் பத்தி என்ன வேணாலும் எழுதுவேன். எந்த ஊருக்கு அனுப்பணும்னு நீதான் சொல்லணும். முடியலையா, இந்த வருஷம் விட்டுடு. அதுவும் ஒரு முடிவுதான். ஆனா அடுத்த வருஷம் போடறேன்னு சொல்லிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல." இன்னொரு சுளையை நகர்த்தினார். "சாயந்தரம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

மதியம் அவன் கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. புது டாக்டர் வேலைக்குச் சேர்கிறார், லாக்கரைக் காலி செய்து தர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் போனால் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் போகும். நடந்தே போனான்.

கிளினிக்கை நடத்துபவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். தலை நரைத்த பெண்மணி. வாயைத் திறந்துவைத்திருப்பவர்களிடமே காலம் முழுக்கப் பேசிப் பேசி, பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

"வா தம்பி. இளைச்சுட்ட. சாப்பிடுறியா? எங்க சாப்பிடப் போற. இதோ, எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வச்சிருக்கேன். பிரிச்சுப் பாத்துக்கோ."

வெள்ளைக் கோட்டு ஒன்று. ஒரு ஜோடி செருப்பு. பூதக்கண்ணாடி வைத்த மூக்குக்கண்ணாடி. குழந்தைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கும் பிளாஸ்டிக் தாடை, அதற்கு முழங்கை நீளத்தில் ஒரு பிரஷ். கோட்டுக்கு அடியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். அதை அவன் பார்த்ததே இல்லை.

"எந்த ஊருன்னு முடிவாச்சா?"

"இன்னிக்குச் சொல்லணும். பனி ஊரத்தான் முதல்ல வச்சிருக்கேன். அவளுக்குப் பிடிச்ச ஊரு."

"யாருக்கு? அவளுக்கா?" பெரிய டாக்டர் அந்த ஸ்வெட்டரைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இது எதுக்கு லாக்கர்ல கிடக்குதுன்னு நெனக்கிற? ஏசியக் குறைங்க டாக்டர், ஏசியக் குறைங்க டாக்டர்னு என் உயிர எடுத்தவ. கிளவுஸுக்குள்ள விரல் மரத்துப்போகுதும்பா. அவளுக்கா பனி ஊரு பிடிக்கும்?"

"ஒன்பது மார்க் போட்டாளே."

"போடுவா. நானே கேட்டேனே. ஏண்டி, அந்தக் குளிர்ல போய் உக்காந்து நீ பரீட்சை எழுதப் போறியான்னு. அவருக்கு அந்த ஊரு வாத்தியார் மேல உயிரு டாக்டர்ங்கிறா. லெக்சர் கேட்டுட்டு வந்து வாரம் பூரா அதையே பேசுனாரு, நான் கம்மியாப் போட்டா வாயத் தொறக்காம அந்த ஊரத் தூக்கிருவாரு, அதான் அள்ளிப் போட்டுட்டேன்னு சொன்னா."

அவன் பையின் வாயைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"எனக்கு அந்த வாத்தியார் மேல உயிரெல்லாம் இல்ல டாக்டர். நல்லாப் பேசுனாரு. அவ்வளவுதான். அவ ஒன்பது போட்டதாலதான் நான் முதல்ல வச்சேன்."

"எது பிடிக்கும்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கவே இல்லையா?"

"கேட்டா. உனக்குப் பிடிச்சா சரின்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவளும் அதேதான் சொன்னா."

"அப்ப அந்த ஊரு யாருக்குத்தான் பிடிச்சுது?"

கேட்டுவிட்டு, பெரிய டாக்டர் வழக்கத்துக்கு மாறாகப் பதிலுக்காகக் காத்திருந்தார். உள்ளே யாருக்கோ எச்சில் உறிஞ்சும் குழாய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நடந்து வரும்போது அவனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். படிப்பு முழுக்க மனிதர்கள் எதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். அப்படிப்பட்டவன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு ஊரை ஒரு வருஷம் தலைமேல் தூக்கி வைத்திருந்தான். அவள் அவனுக்காக ஒன்பது போட்டாள். அந்த ஒன்பதைப் பார்த்து அவளுக்காக அவன் முதலிடம் கொடுத்தான். யாராவது வந்து இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டிருந்தால்...

ரோட்டின் நடுவில் நின்றான். பின்னால் ஒருவன் சைக்கிள் மணியை அடித்து, "நிக்கிற இடத்தப் பாரு" என்று திட்டிவிட்டுப் போனான்.

அலுவலகத்துக்கு வந்ததும் சர்வே ஃபைலைத் திறந்தான். 'முரண்' என்று தானே ஒதுக்கி வைத்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒரு எலக்ட்ரீஷியன், அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அவர் மனைவிக்காக என்றார். அந்த அம்மா கணவனுக்காக என்றார். ஒரு கணக்கர், ஒரு நர்ஸ். அதே பதில். ஒரு சமையல்காரர், ஒரு தையல்காரி. அதே பதில். இவர்களில் யாரும் கேள்வி புரியாமல் சொல்லவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. இருவரும் மற்றவருக்காகவே கிளம்பி, இருவருக்கும் பிடிக்காத ஊரில் போய் இறங்கியிருந்தார்கள். அவன்தான் அவர்களைத் தப்பு என்று குப்பையில் போட்டிருந்தான். இவர்களாவது உயிரோடு போய் இறங்கினார்கள்.

பேராசிரியரின் அறைக்கு அவன் கதவைத் தட்டாமல் போனான்.

"மேடம், அந்த முரண் கும்பல் முரண் இல்ல. அதுதான் பதில்."

உட்காராமலே சொன்னான். எலக்ட்ரீஷியனைப் பற்றிச் சொன்னான். நர்ஸைப் பற்றிச் சொன்னான். பனி ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். பேராசிரியர் மீதியைக் கேட்கவில்லை.

"எல்லாரையும் உள்ள எடுத்துப் போடு," என்றார். "ஒருத்தர விடாத. இதையே பிஎச்.டில பண்ணணும்னா எங்க போவ? யோசிக்காம சொல்லு."

"துறைமுக ஊரு."

"அது உன் லிஸ்ட்லயே இல்லையே."

"மறைஞ்சிருந்துச்சு மேடம்."

வீட்டுக்குள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதையே வருஷக்கணக்காக ஆராயும் கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். அந்த நாட்டில் வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர் முதல் வருஷத்திலிருந்து படிக்க வேண்டும். அவள் இரண்டு போட்டிருந்தாள். அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அதை மறையவிட்டான். எனக்கு அந்த ஊர் பிடிச்சிருக்கு என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் இரண்டை அழித்துவிட்டு ஒன்பது போட்டிருப்பாள். முதல் வருஷத்துப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்திருப்பாள். அது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் இல்லாததால்தான் அந்த ஊர் திரைக்கு வந்தது. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது.

மேசைக்கு வந்து ஃபில்டரை எடுத்தான். துறைமுக ஊரை முதலில் வைத்தான். அந்த வேலை நடக்கும் இன்னும் சில இடங்களைச் சேர்த்தான். பனி ஊரை நீக்கினான். 'பல்' என்ற கட்டத்தை மட்டும் நீக்கவில்லை. பேராசிரியருக்கு அனுப்பினான். சராசரி எட்டிப் பார்த்தான். அவன் தோளை அழுத்திவிட்டுத் தன் நாற்காலிக்கு உருண்டு போனான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் வந்திருந்தார். அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. கொடியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

"பெரிய ஊருக்குப் போட்டாச்சா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை."

சட்டை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஏன்?"

"நான் செய்ய நெனக்கிற வேலைக்கு அங்க ஆள் இல்ல. வேற ஊருக்குப் போட்டிருக்கேன். துறைமுக ஊரு. பேரு பெத்த இடமெல்லாம் இல்ல, நடுத்தரம்தான்."

"அப்ப அவ சொன்னதுக்கு என்ன மரியாதை?"

அவன் பையைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மடித்த துணி இருந்தது.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல. அவ கண்ணே தொறக்கல."

மாமியார் சட்டையை மடித்து முடித்தார். காலரைத் தட்டிச் சரிசெய்தார்.

"எனக்குத் தெரியாதா," என்றார். "வந்தவங்க ஒவ்வொருத்தரா கேட்டாங்க. கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு. ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்களத் திரும்பிப் பாத்தேன். சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தீங்க. இவர் இனிமே இப்படியே உக்காந்துடுவார்னு பட்டுது. சொல்லிட்டேன்."

"கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லியிருக்கலாம். 'பெரிய படிப்பு'ன்னு அவ வாயில வருமா?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "வராதுதான். உங்களுக்குப் பரீட்சைன்னு என்கிட்ட சொல்லவே மாட்டா. அந்த ஆளுக்குப் படிச்சுப் படிச்சுக் கழுத்து வளைஞ்சு போச்சும்பா."

அடுத்த துணியை எடுத்து மடித்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்குக் காலைல கிளம்பும்போது உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாளே. அதச் சொல்லுங்க. நல்ல வார்த்தையா இருக்கணும்னு இல்ல."

அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் அப்படிக் கேட்டதும் இல்லை. எல்லோரும் கேட்டது ஆஸ்பத்திரியைப் பற்றித்தான்.

அவன் வாஷ்பேசினுக்கு முன்னால் நின்றிருந்தான். வாய் நிறைய நுரை. அவள் செருப்பு மாட்டியாயிற்று, பையும் தோளில். வெளியே போனவள் எதையோ மறந்து திரும்பி வந்தாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த ஹேர்கிளிப். அதை எடுக்கக் கை நீட்டியவள் அவன் தேய்ப்பதைப் பார்த்தாள். பிரஷை இறுக்கிப் பிடித்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பேனா பிடிப்பது போல வைத்துவிட்டாள். பதில் சொல்ல அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. அதற்குள் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

"என்ன சொன்னா?" என்றார் மாமியார்.

"'அழுத்தாதன்னு எத்தன தடவ சொல்றது. பல்லு விளக்குறியா, பாத்திரம் விளக்குறியா?'"